பைக்குழல் தடைசெய்யப்பட்டதா? – ஸ்காத்லாந்து மேட்டுநில மரபு கைமாறிய நெறி பற்றிய ஓர் ஆய்வு

ஸ்காத்லாந்து நாட்டின் மேட்டுநிலப் பகுதியைப் பற்றி எழுதுவோர் பலர் ஒரு செய்தியைத் தவறாது குறிப்பிடுவர். 1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கல்லோடன் போரில் இளவரசர் சார்லஸ் எட்வர்டின் மேட்டுநிலப் படை தோற்ற பின்னர், பிரித்தானியப் பாராளுமன்றம் அம்மக்களின் ஆடையையும் பைக்குழலையும் ஒருசேரத் தடைசெய்தது என்பதும், அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்விசை மறைவிடங்களில் மட்டுமே உயிர்வாழ்ந்தது என்பதும் அச்செய்தியாகும். பைக்குழல் என நாம் ஈண்டுக் குறிப்பது பேக்பைப் எனப்படும் கருவியை. தோற்பையில் காற்றை நிரப்பிக் கையிடுக்கில் வைத்து அழுத்த, ஒரு குழலில் பண்ணும் பிற குழல்களில் ஒத்தும் ஒலிக்கும் அமைப்புடையது அது. விழா மேடைகளிலும் பயண நூல்களிலும் பள்ளிப் பாடங்களிலும் இத்தடைச் செய்தி இடம்பெற்றுள்ளது. ஆயினும், சட்டத்தின் வாசகத்தை எடுத்துப் படிப்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். அதில் பைக்குழல் என்னும் சொல்லே இல்லை.

1746ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவன இரண்டு. ஒன்று, படைக்கலங்களை ஒப்படைத்தல் வேண்டும் என்பது. மற்றொன்று ஆடை பற்றியது. 1747 ஆகஸ்டு முதல் நாளுக்குப் பின் ஸ்காத்லாந்தில் ஆடவரும் சிறுவரும் மேற்போர்வை, கில்ட் என்னும் மடிப்பாடை, மேட்டுநிலக் காற்சட்டை முதலியவற்றை அணிதலாகாது. தார்த்தான் எனப்படும் பல்வண்ணக் கட்டத் துணியை மேலங்கிக்குப் பயன்படுத்தலுமாகாது. முதன்முறை மீறுவார்க்கு ஆறு திங்கள் சிறை; மறுமுறை மீறுவார்க்கு ஏழாண்டு நாடுகடத்தல். பெண்டிர் இவ்விதிக்கு உட்பட்டாரல்லர். அரசரின் படையில் பணியாற்றுவோர்க்கும் விலக்கு அளிக்கப்பெற்றது. இசையைப் பற்றியோ ஆடலைப் பற்றியோ மொழியைப் பற்றியோ சட்டம் ஒன்றும் பேசவில்லை. இதனை ஜான் கிப்சன் என்னும் ஆய்வாளர் 1998இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். சட்டத்தின் படிகள் எல்லாக் காலத்திலும் கிடைத்தே வந்தன என்பதை எண்ணுங்கால், இருநூறு ஆண்டுகளாக இதனைப் படித்துப் பார்க்க முனைந்தோர் சிலரே என்பது வியப்பளிக்கின்றது.

அங்ஙனமாயின் இந்நம்பிக்கை எங்ஙனம் தோன்றிற்று? அதற்கு வித்திட்டது ஒரு வழக்கு எனக் கருதலாம். இளவரசர் படையில் பைக்குழல் ஊதிய ஜேம்ஸ் ரீட் என்பவர் சிறைப்பட்டு, யார்க் நகரில் அரசத்துரோகக் குற்றத்திற்காக உசாவப்பெற்றார். தாம் வாளேந்தவில்லை, குழலே ஊதினார் என்பது அவர்தம் வாதம். மேட்டுநிலப் படை குழல் இன்றிப் புறப்படுவதில்லை, ஆதலின் குழலும் போர்க்கருவியே என நீதிமன்றம் கொண்டது. 1746 நவம்பர் 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பெற்றார். ஒரு தனி வழக்கில் எழுந்த இக்கூற்று, பின்னாளில் நாடு முழுமைக்கும் உரிய சட்டமாக மக்கள் நினைவில் விரிந்தது போலும். குழலூதுவார் அனைவரும் இளவரசர் பக்கமே நின்றார் என்பதும் பிழை. ஸ்கை தீவில் மக்லவுட் குலத்தலைவர்க்குப் பரம்பரைக் குழலூதுவாராக விளங்கிய மக்ரிமன் குடியினருள் டொனால்டு பான் என்பவர் அதே 1746 பிப்ரவரியில் மோய் என்னுமிடத்தில் நிகழ்ந்த மோதலில் உயிர் துறந்தார். அவர் நின்றது அரசாங்கப் படையின் பக்கம்.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நன்று. ‘ஸ்காத்லாந்து மரபு’, ‘கெல்த்திய மரபு’ என்னும் தொடர்கள் ஒரே பொருளன போல் வழங்கப்பெறுகின்றன. கெல்த்தியம் என்பது ஆய்வுலகில் முதன்மையாக மொழிக்குடும்பப் பெயர். 1707இல் எட்வர்ட் லூயிட் வெளியிட்ட ஒப்பீட்டாய்வே அம்மொழிகளின் உறவை நிலைநாட்டியது. மேட்டுநிலத்தும் தீவுகளிலும் வழங்கிய கேலிக் மொழி ஐரிசு மொழியோடு ஒரு கிளையைச் சார்ந்தது. தாழ்நிலத்தார் பேசிய ஸ்காட்ஸ் மொழியோ ஆங்கிலத்தோடு உறவுடைய செருமானியக் கிளையது. கவிஞர் பர்ன்சின் பிறந்தநாள் விருந்து தாழ்நிலத்தின் உடைமை. அதில் குழலூதுவார் முன் நடப்பது பிற்காலச் சேர்க்கை. நாம் ஆராயப் புகுவது மேட்டுநிலக் கேலிக் மக்களின் இசையும் ஆடலுமேயாம்.

தடை இல்லையாயின், பழைய குழலிசை நலிந்தமைக்குக் காரணம் யாது? அதே கலகத்தை யடுத்துப் பிறந்த மற்றொரு சட்டமே காரணம் என்பது எம் கருத்து. குலத்தலைவர்க்கு வழிவழியாக இருந்த நீதி வழங்கும் உரிமைகளை அச்சட்டம் நீக்கியது. தம் குடிகளைப் போருக்கு அழைக்கவும் வழக்குத் தீர்க்கவும் உரிமையுடையவராய் இருந்த தலைவர், வாரம் தண்டும் நிலவுடைமையாளராக மாறினார். படைவீரர் தேவையில்லாத இடத்தில் படைக்கு முன் ஊதுவாரும் தேவையில்லை. குழலூதுவார்க்கு வாரமின்றி விடப்பெற்றிருந்த நிலங்கள் மெல்ல மெல்லக் குத்தகைக்குச் சென்றன. பின்னர் ஆட்டுப்பண்ணைகள் பெருகின. சதர்லாந்துப் பகுதியில் 1814இல் ஸ்ட்ரத்நேவர் பள்ளத்தாக்கினின்று குடிகள் வெளியேற்றப்பட்டமை போன்ற நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. கேட்பாரும் கற்பாரும் கடல் கடந்தனர். ஒரு கலையை ஒழிப்பதற்கு அதன் பெயரைச் சட்டத்தில் எழுதவேண்டுவதில்லை; அதனைப் புரந்த வாழ்க்கை முறையை மாற்றிவிட்டாலே போதுமானது.

புதிய புரவலராக வந்தது பிரித்தானியப் படையே. ஆடைத்தடை நடைமுறையில் இருந்த காலத்திலும் மேட்டுநிலப் படைப்பிரிவுகள் கில்ட் அணிந்தன, குழலும் ஊதின. இதற்கு நம் நாட்டு மண்ணிலேயே சான்று உண்டு. 1780இல் சென்னை வந்திறங்கிய 73ஆம் படைப்பிரிவு, மக்லவுட் பிரபு திரட்டியது. பின்னர் 71ஆம் எண் பெற்றது. 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியோடு நிகழ்ந்த போரில், குண்டுமழைக்கிடையே ஓயாது ஊதிய குழலோன் ஒருவனைத் தளபதி அயர் கூட் பாராட்டி, வெள்ளிக் குழல் வாங்க ஐம்பது பவுன் வழங்கினார் என அப்படைப்பிரிவின் வரலாறு கூறும். ஆடைத்தடை நீக்கச் சட்டம் அரசரின் இசைவு பெற்றது 1782 ஜூலை முதல் நாள். பரங்கிப்பேட்டைப் போர் நிகழ்ந்து சரியாக ஓராண்டு கழித்து. தம் ஊரில் ஓர் உழவன் அணிந்தால் சிறை புகவேண்டிய ஆடையை, அவன் தம்பி வங்கக் கடற்கரையில் அரசரின் சம்பளம் பெற்று அணிந்திருந்தான்.

அதே 1781ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தாழ்நிலத்தின் பால்கர்க் நகர்க் கால்நடைச் சந்தையில் முதற் குழலிசைப் போட்டி நடைபெற்றது. நடத்தியது 1778இல் தோன்றிய இலண்டன் மேட்டுநிலச் சங்கம். போட்டி பின்னர் எடின்பரோவிற்கு மாறி, 1826 வரை ஆண்டுதோறும், அதன்பின் மூவாண்டிற்கு ஒருமுறையாக 1844 வரையும் தொடர்ந்தது. பிரெஞ்சு நிலவியலறிஞர் போழா த சேன்-பான் என்பவரை, பொருளியலறிஞர் ஆடம் சுமித் 1784இல் இப்போட்டிக்கு அழைத்துச் சென்றார். அவர் எழுதிவைத்துள்ள குறிப்பு பெரிதும் பயனுடையது. தமக்கு ஒவ்வாத பேரொலியாகவே பட்ட அவ்விசை, மேட்டுநிலத்து அவையினரை எவ்வளவு உருக்கிற்று என்பதை மறையாது கூறுகின்றார். குழலிசைக்கிடையே ஆடல்கள் இடம்பெற்றமையும் அவர் குறிப்பால் அறியப்படும். தலைவரின் கூடத்தில் இரவு முழுதும் ஊதிய கலை, இங்கு மேடையில் காலவரையறையோடு, பரிசு வழங்கும் நடுவர் முன் நிற்கின்றது. நடுவரோ பெரும்பாலும் உயர்குடியினர். குழலூதத் தெரிந்தவர் மிகச் சிலர். இம்மாற்றமே பின்வந்த எல்லாவற்றிற்கும் கால்கோள் ஆயிற்று.

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தமை யாவரும் அறிந்தது. வால்டர் ஸ்காட் வகுத்த நிகழ்ச்சி முறையில் தாழ்நிலப் பெருமக்களும் தார்த்தான் அணிந்து நின்றனர். மன்னரும் கில்ட் அணிந்தார். குலத்திற்கொரு கட்டம் என்னும் எண்ணம் இதன்பின் வேகங் கொண்டது. 1842இல் சோபீஸ்கி ஸ்டுவர்ட் உடன்பிறப்பாளர் இருவர் பழஞ்சுவடி ஒன்றிலிருந்து எடுத்ததாகக் கூறி வெளியிட்ட கட்டத்துணி நூல் போலி என்பது பின்னர் உறுதியாயிற்று. இவற்றையெல்லாம் தொகுத்து, மேட்டுநில மரபு என்பது பின்னாளில் புனையப்பட்டதே என வரலாற்றறிஞர் ஹியூ டிரெவர்-ரோப்பர் 1983இல் ‘மரபின் கண்டுபிடிப்பு’ என்னும் தொகுப்பில் எழுதிய கட்டுரை பெரும் புகழ் பெற்றது.

அக்கட்டுரையின் ஒரு பகுதியை நாம் மறுக்கவில்லை. துணிக்கட்டங்களைப் பற்றிய வரையில் அவர் முடிபு பெரும்பாலும் பொருந்துவதே. ஆயின் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகள் யாவை? ஓவியம், ஆடை, அச்சுநூல், மெக்பெர்சன் 1760 முதல் வெளியிட்ட ஓசியன் பாடல்கள். இவை கண்ணுக்குத் தோன்றுவன, ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. கேலிக் மொழியில் வாயும் செவியுமாக வழங்கியது அவர் நோக்கில் புகவில்லை. மெக்பெர்சன் பாடல்கள் பெரும்பகுதியும் அவர்தம் படைப்பே. எனினும் ஓசியன் பெயரால் வழங்கிய பழைய வீரப்பாடல்கள் பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியில் தொகுக்கப்பெற்ற லிஸ்மோர் தலைமைக்குரு சுவடியில் உள்ளன. அவ்வகைப் பாடல்களை இருபதாம் நூற்றாண்டிலும் தீவு மக்கள் பாடக் கேட்டுப் பதிவு செய்துள்ளனர். போலி ஒன்று தோன்றியமையால் மூலமும் இல்லை எனத் துணிதல் ஆய்வு நெறியன்று. எனவே, ‘இது பழையதா, புதியதா’ என்னும் வினாவினும், ‘இது எவ்வழியாகக் கைமாறியது’ என்னும் வினாவே இம்மரபை அளத்தற்கு ஏற்றது என்பது எம் துணிபு.

ஆடலை முதலில் நோக்குவோம். இன்று மேட்டுநில விளையாட்டு விழாக்களில் காணும் ஆடல்கள், கைகளை உயர்த்திக் கால்நுனியில் துள்ளி ஆடும் வகையின. எடின்பரோப் போட்டியின் இடைநிகழ்ச்சிகளிலிருந்தும், படைப்பிரிவுகளின் பயிற்சியிலிருந்தும், ஊர்தோறும் சென்று கற்பித்த ஆடலாசிரியரின் வகுப்புகளிலிருந்தும் உருப்பெற்றவை இவை. 1950இல் தோன்றிய வாரியம் இவற்றின் அடவுகளை ஒருசீராக்கியது. ஆடவர்க்கே உரியனவாய்த் தொடங்கிய இப்போட்டிகளில் இன்று ஆடுவோர் பெரும்பாலும் சிறுமியரும் இளம்பெண்டிருமே. ‘பழைய காற்சட்டை’ எனப் பொருள்படும் பெயருடைய ஓர் ஆடலில் காலை உதறும் அடவு வருகின்றது. ஆடைத்தடையால் அணிய நேர்ந்த காற்சட்டையை உதறித் தள்ளுவதை அது குறிக்கும் என்பர். பெயருக்கு விளக்கம் தேடப் புகுந்தோர் பின்னர்ப் படைத்த கதையாகவே இது எமக்குத் தோன்றுகின்றது. பிளெட் இணையர் 1964இல் வெளியிட்ட நூல் இத்துறையில் வழிகாட்டி. அவர்கள் முதியோரைத் தேடிச் சென்று, முதல் உலகப் போருக்கு முன் அவர்கள் இளமையில் எங்கே, எவ்வாறு, யாரிடம் கற்று ஆடினர் எனக் கேட்டுத் தொகுத்தனர். மேடையிற் காணாத பல ஆடல்கள் அவ்வழியே வெளிப்பட்டன.

இதனின் வேறாயது கேப் பிரெட்டன் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேட்டுநிலத்தினின்று பல்லாயிரவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலுள்ள அத்தீவிற் குடியேறினர். அவர்தம் வழித்தோன்றல்கள் பிடில் இசைக்கு ஏற்ப, கைகளைத் தளர விட்டு, தரையை விட்டு மிகுதியும் எழாமல் கால்களாலேயே தாளத்தை ஒலித்து ஆடுகின்றனர். தாய்நாட்டில் மறைந்துபோன பழைய ஆடலே இது என ஒருசாராரும், புதுநாட்டில் ஐரிசு மக்களோடு கலந்தமையால் விளைந்தது என மற்றொரு சாராரும் கூறுவர். வழக்கு முடிந்தபாடில்லை. எனினும் 1980களுக்குப் பின் கேப் பிரெட்டன் ஆசிரியர் ஸ்காத்லாந்திற்கு வரவழைக்கப்பெற்றனர். 1996இல் தென் ஊயிஸ்ட் தீவில் தொடங்கிய கியோலஸ் கோடைப்பள்ளியில் இவ்வாடல் கற்பிக்கப்பெற்றது. போனவர் வீட்டிலிருந்து விளக்கை வாங்கி வந்து இருந்தவர் வீட்டில் ஏற்றியது போன்றது இது.

அடுத்து, பெண்டிர் பாடல்கள். மேட்டுநிலத் தீவுகளில் கம்பளித் துணியை நெய்தபின், அது சுருங்கி நெருக்கம் பெறுதற்பொருட்டு நனைத்து அடிப்பர். புளித்த சிறுநீரில் ஊறிய அத்துணியை நீண்ட பலகைமேல் வட்டமாக இட்டு, இருமருங்கும் பெண்டிர் அமர்ந்து, பலகையில் ஓங்கி அறைந்து அறைந்து, ஞாயிறு செல்லும் திசையில் ஒருவர்பால் ஒருவர் தள்ளுவர். வேலைக்கு ஏற்பப் பாட்டும் எழும். ஒருத்தி ஓரடி அல்லது அரையடி பாடுவாள். ஏனையோர் பொருளற்ற அசைகளால் ஆகிய பல்லவியை முழக்குவர். ஒரு துணிக்கு ஒரு பாட்டை இருமுறை பாடுதல் தீங்கு என்னும் நம்பிக்கையும் இருந்தது. அதனால் ஒவ்வொரு பெண்ணும் பல பாடல்களை நெஞ்சில் கொண்டிருத்தல் இன்றியமையாததாயிற்று. பொருளற்ற அசைகள் என்றோம். ஆயினும் அவற்றை மாற்றிப் பாட எவரும் உடன்படார். பாட்டின் அடையாளமே அவ்வசைகளில் உள்ளது. அடிகள் பாடுவார் மனம்போல் கூடலாம், குறையலாம். பல்லவி அசைகள் அசையா.

இப்பாடல்கள் தாங்கிவந்த செய்தியின் பழமைக்கு ஒரு சான்று காட்டுவாம். கிரெகர் மக்ரெகர் என்னும் குலத்தலைவர் 1570இல் கேம்பெல் குலத்தாரால் தலை வெட்டுண்டார். அவர்தம் மனைவி அக்கேம்பெல் குலத்து மகளே. கணவனைக் கொன்ற தன் உறவினரைச் சபித்து, கைக்குழந்தைக்குத் தாலாட்டாக அவள் பாடியதாகக் கூறப்பெறும் புலம்பல் இருபதாம் நூற்றாண்டு வரை தாய்மார் வாயில் வழங்கியது. அரசாங்க ஆவணம் அக்கொலையை ஒரு தண்டனையாகப் பதிந்தது. தாலாட்டு அதனை ஒரு வீட்டின் இழப்பாக வைத்துக் காத்தது.

இப்பாடல்கள் நூலேறிய வரலாறு இரு வேறு போக்கினது. மார்ஜரி கென்னடி-பிரேசர் அம்மையார் 1909 முதல் வெளியிட்ட தொகுதிகள் இலண்டன் இசையரங்குகளில் பெரும் வரவேற்புப் பெற்றன. மெழுகு உருளையில் பதிவு செய்த பாடல்களைப் பியானோவுக்கு ஏற்பத் திருத்தி, சொல்லையும் மென்மையாக்கிக் கொடுத்தமையால், பாடிய பெண்டிர்க்கே அவை அயலாகத் தோன்றியிருக்கும். அம்மையாரின் ஆர்வத்தைப் பழித்தல் எம் நோக்கமன்று. அவர் பதிவு செய்யாதிருந்தால் சில பாடல்கள் கிடைத்திரா. ஆயினும் பாடலைப் பாடப்பட்டவாறே பதிப்பித்த பெருமை ஜான் லார்ன் கேம்பெல், பிரான்சிஸ் காலின்சன் ஆகிய இருவரும் 1969, 1977, 1981 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று தொகுதிகளுக்கே உரியது. மார்கரட் பே ஷா அம்மையாரின் தென் ஊயிஸ்ட் பாடற்றொகுப்பு 1955இலேயே வெளிவந்தது. 1951இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஸ்காத்லாந்து ஆய்வுப்பள்ளி காலம் மக்லீனை முதற் களப்பணியாளராக அமர்த்தியது. அப்பள்ளியின் பதிவுகளுள் பல 2010 முதல் இணையவழியே எவரும் கேட்கக் கிடைக்கின்றன. துணியடிக்கும் தொழிலோ ஆலைகள் வந்தபின் அற்றுப்போயிற்று. நோவா ஸ்கோஷியாவில் மட்டும், தொழில் போன பின்னும் கூடிப் பாடும் வழக்கம் நின்றது. அங்கு ஆடவரும் பலகை சூழ அமர்ந்தனர்.

பாட்டைத் தாங்கும் மொழியின் நிலையையும் சுருக்கமாகக் குறித்தல் வேண்டும். 1616இல் ஆட்சிக்குழு கேலிக் மொழியை ஒழித்தற்கென்றே ஊர்தோறும் பள்ளி நிறுவ ஆணையிட்டது. 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அம்மொழியைப் பெயரளவிலும் குறிப்பிடவில்லை. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,54,000க்கு மேற்பட்டோர் கேலிக் பேசினர். அவ்வாண்டிலேயே கேலிக் சங்கம் ஓபன் நகரில் தோன்றி, 1892இல் மோட் என்னும் முதற் கலைவிழாவை நடத்தியது. 2011இல் பேசுவோர் 57,000 அளவினர். 2022இல் ஏறத்தாழ 70,000. இவ்வேற்றம் பெரிதும் பள்ளிகளிலும் நகரங்களிலும் கற்றோரால் வந்தது. மொழி இயல்பாக வழங்கிய மேற்குத் தீவுகளிலோ, பேசுவோர் மக்கள்தொகையில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டனர். விழா பெருகுவதும் வீட்டுவழக்கு குறைவதும் ஒரே காலத்தில் நிகழ்தலை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இறுதியாக, குழலிசைக்கே மீள்வோம். மேட்டுநிலத்தார் தம் குழலிசையைப் பேரிசை, சிற்றிசை என இருவகைப்படுத்துவர். படைநடை, ஆடற்பாட்டு முதலியன சிற்றிசை. பேரிசையோ, ஆங்கிலத்தில் பீப்ராக் எனத் திரிந்து வழங்குவது. ஊர்லார் என்னும் ‘தளம்’ முதலில் மெல்ல ஊதப்பெறும். பின் அதன் சுரங்களையே பற்றுக்கோடாகக் கொண்டு, விரல் அசைவுகள் படிப்படியாகச் செறிந்து, தூர்லுவா, க்ரூன்லுவா என்னும் உச்ச நிலைகளை எய்தும். முடிவில் தளத்திற்கே மீண்டு அடங்கும். கருவியில் உள்ளவை ஒன்பது சுரங்களே. ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ இயலாது. ஆதலின் ஒரு சுரத்தை மற்றொன்றினின்று பிரிப்பதும் அழுத்தம் தருவதும், இடையே மின்னி மறையும் நுண்சுரங்களாலேயே ஆகும்.

இதனைக் கற்பிக்க அவர்கள் கையாண்ட முறை கௌன்தரக் எனப்படும். பாடுதல் என்பது அதன் நேர்பொருள். குழலை எடுக்குமுன் மாணவன் இசை முழுவதையும் அசைகளால் பாடிக் கற்றல் வேண்டும். சொற்கட்டு என நாம் கூறுவதற்கு இது இனமானது எனலாம். எனினும் அது தாளத்திற்கு உரியது, இது பண்ணுக்கும் உரியது. உயிரொலி சுரத்தைக் காட்டும். மெய்யொலி அதற்கு முன் வரும் நுண்சுரத்தைக் காட்டும். ஆர்கைல் பகுதியின் நெதர் லார்ன் ஊரினரான காலின் கேம்பெல் 1797இல் எழுதிய சுவடியில், ‘அ’ ஒரு சுரம். அதற்குமுன் நுண்சுரம் சேரின் ‘ஹ’. தூர்லுவா வரும்போது ‘ஹின்தாரித்’, க்ரூன்லுவாவிற்கு ‘ஹின்பந்த்ரே’ என அமையும். அச்சுவடியில் ‘ஒ’ என்னும் ஒலி அடுத்தடுத்த இரு சுரங்களுக்கும் பொதுவாக நிற்கின்றது. எது எச்சுரம் என்பதைத் தாள் கூறாது. ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நிற்றல் வேண்டும் என்பதையும் கூறாது. இவை குறையல்ல. ஆசிரியன் வாயால் கேட்டவனுக்கு நினைவூட்டவே எழுதப்பட்டது அது. கேளாதவனுக்குக் கற்பிக்க எழுதப்பட்டதன்று.

எடின்பரோ நடுவர்க்கோ ஐரோப்பியக் கோட்டிசைக் குறியீடே எழுத்தாகப் பட்டது. இசைகளை அக்குறியீட்டில் எழுதித் தருவார்க்கு 1806 முதல் பரிசு வழங்கினர். 1838இல் ஆங்கஸ் மக்கே வெளியிட்ட 61 இசைகள் அடங்கிய நூல் காலப்போக்கில் பிரமாணமாயிற்று. அவர் 1843இல் விக்டோரியா அரசியாரின் முதற் குழலூதுவாராக அமர்ந்தவர். 1903இல் தோன்றிய பீபரக் சங்கம், போட்டிக்குரிய பாடங்களைத் தானே பதிப்பித்தது. அப்பாடத்தினின்று விலகுவோன் பரிசு பெறுதல் அரிது. வில்லியம் டொனால்ட்சன் 2000இல் வெளியிட்ட தம் நூலில், காக்க வந்த சங்கங்களே இசையின் நெகிழ்ச்சியைக் கெடுத்தன எனக் கடுமையாகக் குற்றஞ்சாட்டுகின்றார். நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. போட்டி இல்லையேல் புரவலரை இழந்த குழலூதுவார் யாரிடம் ஊதியிருப்பர்? ஆயினும் ஒன்று உறுதி. தாள் நினைவுக்குத் துணையாக இருந்த நிலை மாறி, நினைவு தாளுக்கு அடங்கிய நிலை வந்தது. ஒரே இசையை இருவேறு பரம்பரையினர் இருவேறு வகையில் ஊதுதல் பழங்காலத்தில் இயல்பு. போட்டிமேடையில் அது பிழை.

இங்கும் இந்தியத் தொடர்பு ஒன்று குறுக்கிடுகின்றது. சதர்லாந்தின் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த ஜோசப் மக்டொனால்டு என்னும் இளைஞர் 1760இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணிக்குக் கப்பலேறினார். பேரிசையின் இலக்கணத்தை விளக்கும் முதல் நூலை எழுதியவர் இவரே. அவர் 1763இல் வங்காளத்தில், இருபத்தைந்து அகவை நிரம்புமுன் மறைந்தார். கையெழுத்துப்படி தாயகத்திற்கு மீட்டுச் செல்லப்பெற்று, அவர் தமையனாரால் 1803இல், பிழைகள் பலவற்றோடு, அச்சேறிற்று. போட்டிகள் தோன்றுதற்கு இருபதாண்டு முன் எழுதப்பட்டமையால், குழலிசை நடுவர் கைக்கு வருமுன் எந்நிலையில் இருந்தது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை.

கேம்பெல் சுவடிக்கு நேர்ந்தது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மகன் அதனை எடின்பரோப் போட்டிக்குக் கொண்டுவந்தபோது, அவையிலிருந்த அறிஞர்க்கு அது எம்மொழி என்றே விளங்கவில்லை; குழல் செய்யும் தொழிலாளர் ஒருவரே அதனைப் பார்த்துப் பாடிக் காட்டினார். பின்னர் அது மறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் வெளிவந்து, இன்று ஸ்காத்லாந்துத் தேசிய நூலகத்தில் உள்ளது. அதன் இரு தொகுதிகளிலும் ஏறத்தாழ 170 இசைகள் உள்ளன. அவற்றுட் சில வேறெங்கும் இல்லாதவை. பிற, அச்சுப் பாடத்தோடு மாறுபடுவன. இளங்குழலூதுவார் சிலர் இப்போது அச்சுநூலை ஒதுக்கி, இச்சுவடியின் அசைகளைப் பாடிப் பாடி இசையை மீட்டெடுக்க முயல்கின்றனர். மூன்றாம் தொகுதி ஒன்றும் எழுதப்பட்டிருந்தது, அது கிடைத்திலது.